சாவி யாருடையது?



முப்பத்தைந்து ஆண்டுகள் சுண்ணக்கட்டியைப் பிடித்துப் பழகிய கை என்னுடையது. கணினியைப் பற்றிப் பேச இவருக்கு என்ன தகுதி என்று நீங்கள் நினைக்கலாம், நினைப்பது நியாயமே. சென்ற கோடை விடுமுறையில், கல்லூரியில் படிக்கும் என் பேரன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். அன்று அதற்கு விடை சொல்ல என்னால் இயலவில்லை. வகுப்பில் விடை தெரியாத கேள்வி எழுந்தால், "நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு, மறுநாளைக்குள் எவ்வாறேனும் தெரிந்துகொண்டு வரவேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியின்போது எங்களுக்குக் கற்பித்த பாடங்களுள் ஒன்று. இந்தக் கேள்விக்கு ஒரு நாள் போதவில்லை. ஒரு மாதம் அலைந்தேன்.

கதையை முதலிலிருந்தே சொல்கிறேன். என் மகன் சிங்கப்பூரில் வேலையாயிருந்த காலத்தில், 2014ஆம் ஆண்டு, தன் பையனுக்கென்று ஒரு விளையாட்டுக் கருவி வாங்கிவந்தான். நிண்டெண்டோ 3டிஎஸ் என்று பெயர். புத்தகத்தைத் திறப்பதுபோல் திறக்கலாம். மேலே ஒரு திரை, கீழே ஒரு திரை. அதனுடன் 'அனிமல் கிராஸிங்: நியூ லீஃப்' என்னும் விளையாட்டு, தபால்தலை அளவிலான ஓர் அட்டையாக வந்தது. அந்த விளையாட்டில் சண்டை கிடையாது. வெற்றி தோல்வியும் கிடையாது. ஓர் ஊர் இருக்கும். அங்கே வீடு கட்டலாம், மரம் நடலாம், மீன் பிடிக்கலாம், அண்டை வீட்டாருக்குக் கடிதம் எழுதலாம். அவ்வளவே.

பின்னர் மகன் சென்னைக்கே திரும்பித் தியாகராய நகரில் குடியேறினான். பையன் பள்ளி விட்டதும் மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். விளையாட்டைக் கண்டாலே முகஞ்சுளிக்கும் என் மனைவி, இந்த ஊரை மட்டும் எட்டிப் பார்க்கத் தொடங்கினாள். ஒரு மாதத்தில் அந்த ஊரில் அவளுக்கும் ஒரு வீடு அமைந்தது. ஊருக்கு ஆங்கில எழுத்தில் 'மைலாப்பூர்' என்று பெயரிட்டவளும் அவளே. மாலையில் கபாலீசுவரர் கோயிலுக்குப் போய்வந்து, விளக்கேற்றிவிட்டு, "பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றினாயா?" என்று பேரனைக் கேட்பாள். எங்கள் வீட்டில் பூச்செடி கிடையாது. 2021இல் அவள் காலமானாள். கருவி அலமாரிக்குள் போயிற்று.

சென்ற ஏப்ரலில் பேரனின் தம்பி அதை எடுத்துக் கைதவறிக் கீழே போட்டுவிட்டான். மேல்திரை இருண்டுவிட்டது. மூடியை ஒரு குறிப்பிட்ட சாய்வில் அசையாமல் பிடித்தால் மட்டும் படம் தெரியும். விரல் நடுங்கினால் மறையும். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குக் கொண்டுபோனோம். பழுதுபார்ப்பவர் திறந்து பார்த்துவிட்டு, "இதற்கு உதிரிப்பாகம் இப்போது வருவதில்லை, சார்" என்று கைவிரித்தார். அவர் மீது குறையில்லை. 2011இல் வெளிவந்த இந்தக் கருவியின் உற்பத்தி 2020இலேயே நின்றுவிட்டது. இதற்கான இணையக் கடையை 2023 மார்ச் 27ஆம் நாள் மூடினார்கள். இணையவழி கூடி விளையாடும் வசதியும் 2024 ஏப்ரல் 8ஆம் நாளுடன் முடிந்தது.

அப்போதுதான் பேரன் எமுலேட்டரைப் பற்றிச் சொன்னான். அது ஒரு மென்பொருள். மேடையில் ஒருவர் அரிச்சந்திரன் வேடம் புனைந்து அரிச்சந்திரனாகவே நடந்துகொள்வதுபோல, மடிக்கணினி இந்த விளையாட்டுக் கருவியாக வேடம் புனைந்துகொள்கிறது. விளையாட்டுக்கு வேற்றுமை தெரியாது. தான் பழைய கருவியில் ஓடுவதாகவே நினைத்து ஓடும். ஆனால் ஒரு தடை. அட்டையிலுள்ள விளையாட்டு வெளிப்படையாக எழுதப்படவில்லை, குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. சாவிகள் இல்லாமல் அதைப் படிக்க முடியாது. எமுலேட்டரை எழுதியவர்கள் சாவிகளைத் தருவதில்லை. அவற்றை நாமே கொண்டுவந்து ஒரு கோப்பில் வைக்கவேண்டும்.

பேரனின் நண்பன் அந்தக் கோப்பைக் கைப்பேசி வழியே அனுப்பிவிட்டான். திறந்து காட்டினான், சில வரிகளே இருந்தன. ஒவ்வொரு வரியிலும் முப்பத்திரண்டு குறிகள்: எண்களும் ஆங்கில எழுத்துகளும் கலந்து, பூனை தட்டச்சுப் பொறிமேல் நடந்தாற்போல. "இது யாருடைய சாவி?" என்று கேட்டேன். பழக்கதோஷம், பள்ளியில் கண்டெடுத்த பேனாவைக் கொண்டுவரும் பையனிடமும் முதலில் அதைத்தான் கேட்பேன்.

அப்போது அவன் கேட்டான்: "தாத்தா, இந்த எண்கள் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவானவை. யாரோ ஒருவர் தம் கருவியிலிருந்து எடுத்தது இது. என் கருவிக்குள்ளும் இதே எண்தான் இருக்கிறது. ஓர் எழுத்துகூட மாறாது. என்னிடம் இருக்கும் எண்ணையே வேறிடத்தில் பார்த்து எழுதிக்கொண்டால் அதில் என்ன தவறு? எண்ணுக்கு உடைமைக்காரன் உண்டா?"

நான் சொன்னேன், "நாளைக்குச் சொல்கிறேன்."

முதலில், இங்கே சாவி என்பது என்ன என்று எனக்கு விளங்கவேண்டியிருந்தது. நன்னூலில் குழூஉக்குறி படித்திருப்பீர்கள். பொற்கொல்லர் தமக்குள் பொன்னைப் 'பறி' என்பர். வந்திருப்பவனுக்குப் புரியாது, தம் கூட்டத்தாருக்குப் புரியும். நாங்கள் சிறுவயதில் ஒவ்வோர் எழுத்துக்கு முன்னும் 'க' சேர்த்துப் பேசுவோம். 'நாளை வா' என்பது 'கநா களை கவா' ஆகிவிடும். இவற்றிலெல்லாம் ஒரு பலவீனம் உண்டு. முறை தெரிந்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும். என் அத்தை இரண்டே நாளில் கண்டுபிடித்து, எங்கள் மொழியிலேயே எங்களைத் திட்டினாள்.

1883இல் ஆகஸ்ட் கெர்க்ஹாஃப்ஸ் என்பவர் பிரெஞ்சு இராணுவ இதழொன்றில் இதற்கு மாற்றான கருத்தை எழுதினார். முறை பகைவனுக்கே தெரிந்தாலும் பாதகமில்லை. சாவி ஒன்று மட்டும் மறைவாயிருந்தால் போதும் என்பது அது. பூட்டுக் கடையில் பூட்டின் அமைப்பு எல்லாருக்கும் தெரிந்ததுதானே? உங்கள் வீட்டுச் சாவியின் வெட்டுகள் மட்டுமே உங்களுக்கு உரியவை. இக்காலத்தில் உலகெங்கும் வழங்கும் ஏஇஎஸ் என்னும் குறியாக்க முறை இந்தக் கருத்தின்மேல் எழுந்ததே. ஜோன் டேமன், வின்சென்ட் ரைமன் என்ற இரு பெல்ஜிய அறிஞர்கள் அமைத்தது; வெளிப்படையான போட்டியில் வென்று, 2001இல் அமெரிக்க அரசின் தர நிறுவனத்தால் ஏற்கப்பட்டது. அதன் ஒவ்வொரு படியும் அச்சில் இருக்கிறது, யாரும் படிக்கலாம். 3டிஎஸ் கருவியும் இதே முறையைத்தான் கையாளுகிறது.

சாவி 128 துணுக்குகள் கொண்ட ஓர் எண். அதைப் பதினாறு குறிகளைக் கொண்ட எண்முறையில் எழுதினால் முப்பத்திரண்டு இடம் வரும். பேரன் காட்டிய வரி அதுதான். எத்தனை சாவிகள் இருக்க இயலும்? 2ஐ 128 முறை பெருக்கிப் பாருங்கள். 39 இலக்க எண் வரும். விநாடிக்கு நூறு கோடிச் சாவிகளைப் போட்டுப் பார்க்கும் பொறி ஒன்று இருந்தாலும், எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க, 1க்குப் பின் 22 பூச்சியம் இட்ட அளவு ஆண்டுகள் ஆகும். பேரண்டத்தின் வயதே ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள்தான். ஆகவே, தேடிக் கண்டுபிடித்தல் என்பது நடவாத காரியம். சாவி இருக்குமிடத்திலிருந்து எடுத்தாலன்றிக் கிடையாது.

இருக்குமிடம் எது? இதைத் தெரிந்துகொள்ள, தரமணிப் பக்கம் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவரிடம் போனேன். (அடையாற்றுக்குத் தெற்கே தரமணியில் 1962இல் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனத்தை உங்களிற் பலர் அறிந்திருக்கமாட்டீர்கள். அதன் இயக்குநராயிருந்த ஆர். பாலசுப்பிரமணியன், நீல் கோப்லிட்ஸ் என்ற அமெரிக்கருடன் 1998இல் எழுதிய கட்டுரை, மறைக்குறி இயல் படிப்போர் அறிந்திருக்கவேண்டிய ஒன்று. பேருந்தில் போய்வரும் தொலைவில் இத்தகைய அறிவு இருக்கிறது. ஒருமுறையேனும் அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள்.) மாணவர் எனக்குத் தேநீர் தந்துவிட்டுக் கேட்டார்: "சார், நீங்கள் வங்கியில் லாக்கர் வைத்திருக்கிறீர்களா?"

வைத்திருக்கிறேன். அதற்கு இரண்டு சாவி. ஒன்று வங்கியிடம், மற்றொன்று என்னிடம். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும்.

"இந்தக் கருவியும் அப்படித்தான்" என்றார். சாவியின் ஒரு பாதி கருவிக்குள் இருக்கிறது. மறுபாதியை விளையாட்டு அட்டை தருகிறது. இரண்டையும் கருவியின் உள்ளே கலந்து மெய்யான சாவியை உண்டாக்குவதற்கென்றே தனியொரு பகுதி உண்டு. அதைவிட எனக்கு வியப்பளித்தது ஒன்று: அந்தச் சாவியை வைக்கும் அறைகளில் எழுதலாம், ஆனால் படிக்க முடியாது. கருவி, சாவியைக் கொண்டு வேலை செய்யும், சாவியைக் காட்டாது. தன்னிடம் இருக்கும் சாவியின் வடிவம் தனக்கே தெரியாத காவற்காரன்!

இத்தனை காவலையும் சிலர் கடந்தார்கள். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் 2015 டிசம்பரில் நடந்த கணினி வல்லுநர் மாநாட்டில், இந்தக் கருவியின் காவலை எவ்வாறு கடந்தோம் என்று மேடையேறியே விளக்கினார்கள். அதன் பயனாகத்தான் தன் கருவியிலிருந்து தானே சாவியை எடுக்கும் வழிகள் பிறந்தன. பிறர் எடுத்த சாவி ஊரெல்லாம் உலவுவதும் அதன் பயன்தான்.

இனிச் சட்டம். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில், சோனி நிறுவனத்துக்கும் கனெக்டிக்ஸ் என்ற நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், ஒரு கருவியை ஆராய்ந்து அதுபோல் நடந்துகொள்ளும் எமுலேட்டரை எழுதுவது குற்றமன்று என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேடம் புனைவது குற்றமாகாது என்று கொள்ளலாம். ஆனால் அங்கே சாவியைப் பற்றிய வினா எழவில்லை. அது எழுந்தது 2024இல். நிண்டெண்டோவின் மற்றொரு கருவியான ஸ்விட்சுக்கு 'யூசு' என்ற எமுலேட்டர் இருந்தது. சாவியை அது தரவில்லை. பயன்படுத்துவோரே கொண்டுவர வேண்டும். ஆயினும், சாவியைக் கொண்டு பூட்டைத் திறப்பதே அதன் தொழில் என்று கூறி நிண்டெண்டோ பிப்ரவரி 26ஆம் நாள் வழக்குத் தொடுத்தது. ஒரே வாரத்தில் சமரசம். யூசுவை உருவாக்கியவர்கள் 24 லட்சம் டாலர், நம் பணத்தில் ஏறத்தாழ இருபது கோடி ரூபாய், தர ஒப்புக்கொண்டார்கள். அவர்களிடமிருந்த 'சிட்ரா' என்ற 3டிஎஸ் எமுலேட்டரும் அத்துடன் நிறுத்தப்பட்டது. தீர்ப்பு என்று ஒன்று வரவில்லை என்பதைக் கவனியுங்கள். சமரசத்தில் பணம் கைமாறும். கேள்விக்கு விடை கிடைப்பதில்லை.

நம் நாட்டுச் சட்டத்தையும் எடுத்துப் படித்தேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 65அ பிரிவு, இத்தகைய காப்பை மீறுவோருக்கு இரண்டாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு என்கிறது. ஆனால் அதில் ஒரு சொற்றொடர் இருக்கிறது: பதிப்புரிமையை மீறும் நோக்கத்துடன் செய்தால். நோக்கம் என்ற சொல்லைக் கண்டதும் எனக்குச் சற்று ஆறுதலாயிருந்தது. இதே சட்டத்தின் 52ஆம் பிரிவு, முறையாகப் பெற்ற கணினி நிரலுக்கு, இழப்பும் சேதமும் நேராதபடி தற்காலிகப் பாதுகாப்பாக ஒரு படி எடுத்து வைத்துக்கொள்ளவும் இடமளிக்கிறது. இந்த இரண்டையும் கூட்டினால் பேரனுக்கு வழி இருக்கிறது என்பது என் எண்ணம். நான் வழக்கறிஞனல்லன், தலைமையாசிரியன் சட்டம் படித்த விதத்தில் படித்திருக்கிறேன்.

நடுவே ஒன்று சொல்லவேண்டும். ஒரு பொருளை விற்றவர்கள், கடையையும் மூடி, உற்பத்தியையும் நிறுத்திவிட்ட பின், வாங்கியவன் அதைக் காப்பாற்ற முயல்வதை நான் பழிக்கமாட்டேன். பெசன்ட் நகரில் உ. வே. சாமிநாதையர் நூல் நிலையத்துக்குப் போயிருக்கிறீர்களா? அங்குள்ள ஏடுகளைப் பாருங்கள். ஓலை ஒடியும், செல்லரிக்கும். ஒருவர் பார்த்து மற்றோர் ஏட்டில் பெயர்த்தெழுதி, அதைப் பார்த்து இன்னொருவர் எழுதி, அப்படிப் பல தலைமுறை எழுதி வந்ததால்தான் 1887இல் சீவக சிந்தாமணி அச்சேற முடிந்தது. எமுலேட்டரும் ஒருவகையில் ஏடு பெயர்த்தெழுதும் வேலையே. எழும்பூர்க் கன்னிமாரா நூலகத்துக்கு, நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படி அனுப்பவேண்டும் என்று 1954ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. விளையாட்டுகளை அவ்வாறு சேர்த்துவைக்க ஒரு கன்னிமாரா ஏற்படவில்லை. ஏற்பட்டிருந்தால் என் பேரனுக்கு இந்தச் சங்கடமே வந்திராது.

சரி, கேள்விக்கு வருகிறேன். பல ஆண்டுகள் பொதுத்தேர்வில் முதன்மைக் கண்காணிப்பாளராக இருந்தவன் நான். பேரனிடம் சொன்னேன்: "காலையில் வினாத்தாள் உறை ஒட்டிய நிலையில் என் மேசைக்கு வரும். மாணவர் இருவர் முன்னிலையில், ஒட்டு பிரியவில்லை என்று அவர்கள் கையொப்பமிட்ட பிறகே பிரிப்பேன். பத்து மணிக்கு எல்லார் கையிலும் இருக்கப்போகும் தாள்தான் அது. அதே எழுத்துகள், ஓர் எழுத்துகூட மாறாது. ஆனாலும் ஒன்பது மணிக்கு அது ஒருவன் சட்டைப்பையில் இருந்தால், எழுத்து ஒன்றுதானே என்று நான் விட்டுவிடுவேனா? அது எந்த வழியாக அவனிடம் வந்தது என்று கேட்பேன் அல்லவா?"

பேரன் சற்று யோசித்தான். பிறகு, "தாத்தா, வினாத்தாள் மாணவனுடையதன்று. கருவி என்னுடையதாயிற்றே!" என்றான்.

உண்மைதான். என் உவமை அந்த இடத்தில் நொண்டியது, ஒப்புக்கொண்டேன். ஆனால் அவனிடம் மேலும் ஒன்று கேட்டேன்: "உன் நண்பன் சாவியை மட்டுமா அனுப்பினான்?" அவன் தலைகுனிந்தான். சாவியுடன் நூறு விளையாட்டுகள் வந்திருந்தன. அவற்றுள் ஒன்றுகூட அவன் விலைகொடுத்து வாங்கியதன்று. கூடவே ஒரு சிறு நிரல். 'இதைத் திறந்தால் எல்லாம் தானே அமைந்துவிடும்' என்று குறிப்பு. அதனுள் என்ன இருக்கிறதென்று அனுப்பியவனுக்கும் தெரியாது. வழிப்போக்கன் கொடுத்த சாவி, வழிப்போக்கன் காட்டிய நூறு கதவுகள், வழிப்போக்கன் நம் மடிக்கணினிக்குள் வைத்த ஆள். எண் ஒன்றாயிருக்கலாம். எண் தனியே வரவில்லை. சட்டம் கேட்கும் நோக்கம் எங்கே இருந்து தெரியவரும் என்பதும் அப்போதுதான் எனக்கே விளங்கிற்று: ஒருவன் சாவியை எடுத்த இடமும், அதைக் கொண்டு அவன் திறந்த கதவும் சேர்ந்துதான் அவன் நோக்கத்தைச் சொல்கின்றன.

"உன் கருவி இருக்கிறது. உன் அட்டை இருக்கிறது. உன் சாவியை நீயே எடு" என்றேன்.

"மேல்திரை தெரியாமல் எப்படி எடுப்பது?"

"நான் பிடித்துக்கொள்கிறேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம். கருவியின் மூடியை அந்தச் சாய்வில் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். அவன் ஒவ்வொரு படியையும் தாளில் எழுதி வைத்திருந்தான். படித்துப் படித்துப் பொத்தானை அழுத்தினான். இருமுறை என் கை நடுங்கித் திரை மறைந்தது. "தாத்தா, அசையாதீர்கள், இப்போது அசைந்தால் கருவியே போய்விடலாம்" என்றான். தேர்வு அறையில் மாணவர்களை அசையாமல் உட்காரச் சொன்னவனுக்கு நல்ல தண்டனை! நாற்பது நிமிடம் ஆயிற்று. சாவிகள் வந்தன, அட்டையில் இருந்த விளையாட்டு வந்தது, எங்களுக்கு எல்லாவற்றினும் முக்கியமான ஊர்ச்சேமிப்பும் வந்தது.

எடுத்த சாவியை, நண்பன் அனுப்பிய கோப்புடன் ஒப்பிட்டுப் பார்த்தான் பேரன். விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தான். "பார்த்தீர்களா தாத்தா? ஓர் எழுத்துகூட மாறவில்லை" என்றான். குரலில் சிறிது வெற்றிப் பெருமிதம் இருந்தது. "ஆம், மாறவில்லை" என்றேன். பிறகு அந்தக் கோப்பையும் நூறு விளையாட்டுகளையும் அவனே அழித்தான், நான் சொல்லவில்லை.

மடிக்கணினியில் ஊர் திறந்தது. நான்கு ஆண்டுகளாக யாரும் போகாத ஊர். தெருவெல்லாம் களை மண்டியிருந்தது. பூச்செடிகளில் பெரும்பாலானவை காணவில்லை. எதிரே வந்த ஒரு பூனை, இவ்வளவு நாள் எங்கே போயிருந்தாய் என்று கேட்டது. என் மனைவியின் வீடு அப்படியே இருந்தது. பேரனின் தபால் பெட்டியில் அவள் எழுதிய பழைய கடிதம் ஒன்று இருந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி எழுதியிருந்தாள்: நாளைக்குத் தேர்வு, விளையாடியது போதும், போய்ப் படி.

அவன் அதைப் படித்துவிட்டு எதுவும் பேசாமல் ஊருக்குள் நடந்தான். அன்று மாலை முழுவதும் களை பிடுங்கவே சரியாயிருந்தது.